தாடையைச் சரிசெய்தால் அசதி போய்விடுமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். வயது 36. நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊர். தஞ்சாவூரில் வேலை, தினமும் ரயிலில் போய்வருகிறீர்கள். எட்டு மாதமாக வாயைத் திறந்தால் வலது காதுக்கு முன்னால் ‘டக்’ என்று சத்தம். காலையில் எழும்போது கன்னமும் நெற்றிப்பொட்டும் கனத்து வலிக்கின்றன. மத்தியானம் அலுவலகத்தில் கண் சொக்குகிறது, ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்தாலும் அலுப்புத் தீரவில்லை. ஒரு பல் மருத்துவமனையில் தாடை மூட்டு விலகியிருப்பதால்தான் தூக்கம் கெட்டு அசதி வருகிறது என்றும், பற்களைக் கொஞ்சம் தேய்த்து, சிலவற்றுக்குக் கேப் போட்டுக் கடியை, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதத்தை, சரிசெய்துவிட்டால் எல்லாம் தீரும் என்றும் சொல்லி முன்பணம் கேட்டிருக்கிறார்கள். கட்டலாமா என்று கேட்கிறீர்கள். உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இது என்று நினைக்கிறேன்: தாடைக் கோளாறு ஒரு மனுஷியை நாள் முழுக்க அசத்திப்போடுமா, அதைச் சரிசெய்தால் அசதி போய்விடுமா? கடைசி வரியில் மகனைப் பற்றியும் ஒன்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கும் வருகிறேன்.

பல்லைத் தேய்ப்பதற்கும் கேப் போடுவதற்கும் இப்போது சம்மதிக்காதீர்கள். முன்பணமும் வேண்டாம். உங்கள் தாடையில் கோளாறே இல்லை என்று சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இருக்கிறது என்றே தோன்றுகிறது. ஆனால் தாடையால் தூக்கம் கெட்டது, தூக்கம் கெட்டதால் அசதி வந்தது என்று உங்களுக்கு ஒரே திசையில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கோடுதான் எனக்கு உறுத்துகிறது. கையில் இருக்கும் நல்ல ஆய்வுகள் எதிர்த்திசையை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன: தூக்கம் கெடுவது முன்னால், தாடை வலி பின்னால். நான் வாய்நோய் மருத்துவத்தை மேற்படிப்பாகப் படித்து, கும்பகோணத்தில் நெடுநாளாகத் தொழில் செய்பவன். தூக்க மருத்துவன் அல்ல. உங்கள் வாயைப் பார்க்காமல் எழுதுவதால் உங்களுக்கு இன்ன நோய் என்று பெயர் வைக்கவும் மாட்டேன்.

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுத் துளைக்கு ஒரு விரல்கடை முன்னால் வைத்து மெதுவாக வாயைத் திறந்து பாருங்கள். விரலுக்கடியில் ஒரு குமிழ் முதலில் சுழலும், பிறகு முன்னோக்கி வழுக்கி வரும். அதுதான் கீழ்த்தாடையின் தலை. அதற்கும் மண்டையோட்டின் குழிக்கும் நடுவில் நார்க்குருத்தெலும்பாலான மெல்லிய வட்டு ஒன்று இருக்கிறது. அந்த வட்டு சற்று முன்னே நழுவியிருந்தால், வாயைத் திறக்கும்போது குமிழ் அதன் மேல் ஏறிக்கொள்ளும். அப்போது வரும் ஓசைதான் உங்கள் ‘டக்’. மூடும்போது மறுபடி இறங்கும், சிலருக்கு அப்போதும் மெல்லிய ஓசை கேட்கும். வலியில்லாமல் வெறும் சத்தம் மட்டும் வருகிறவர்கள் ஏராளம், அவர்களுக்கு வைத்தியமே தேவையில்லை. சத்தம் திடீரென்று நின்றுபோய், அதே நாளில் வாயும் பாதிதான் திறக்கிறது என்றால் கவனிக்க வேண்டும். வட்டு குமிழுக்கு முன்னால் மாட்டிக்கொண்டது என்று பொருள். உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வாய் திறப்பு போதுமானது, பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் வரும்.

அடுத்து, பற்களை ஒரு முறை அழுத்திக் கடியுங்கள். கன்னத்தில் கெட்டியாக எழும்பும் தசையை விரலால் அழுத்துங்கள். காலையில் உணரும் அதே வலி அங்கே கிளம்பினால் வலி மூட்டில் இல்லை, தசையில். தாடைக் கோளாறு என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தசைவலிதான் இருக்கிறது அல்லது அதுவும் கலந்திருக்கிறது. சத்தம் மூட்டிலிருந்து வருகிறது, வலி தசையிலிருந்து வருகிறது, இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதால் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். உங்களுக்கு வைத்தியம் சொன்னவரும் அதைத்தான் செய்திருக்கிறார் என்பது என் ஊகம்.

கடி சரியில்லாததால் மூட்டு கெடுகிறது என்ற எண்ணத்துக்கு வயது அதிகம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தைச் சேர்ந்த காஸ்டன் என்ற காது மருத்துவர் 1934இல் இதைக் கட்டுரையாக எழுதினார். கடைவாய்ப் பல் போய்விட்டால் தாடை பின்னால் அழுந்தி, காது வலி, இரைச்சல், தலைவலி எல்லாம் வரும் என்றார். அவர் பார்த்த தொந்தரவுகள் உண்மை. அவர் சொன்ன காரணத்தைப் பின்னால் வந்த உடற்கூறு அறிஞர்கள் ஏற்கவில்லை. ஆனாலும் பல்லைத் தேய்த்து நோயைத் தீர்க்கும் ஆசை எங்கள் தொழிலை விட்டுப் போகவில்லை. பல் மருத்துவன் கையில் எப்போதும் பல்லைத் தேய்க்கும் சுழல்முனையான ஒரு பர் இருக்கிறது, அது ஒரு சபலம்தான்.

தூக்கத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 2006 வாக்கில் தொடங்கிய ‘ஒபெரா’ என்ற பெரிய ஆய்வில், தாடை வலி இல்லாத 2,700க்கும் அதிகமானவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பிற்பாடு வலி வந்தவர்களின் தூக்கம், வலி வருவதற்கு முன்பே படிப்படியாகக் கெட்டுக்கொண்டு வந்திருந்தது. தூக்கத்தில் மூச்சு தடைபடுவதற்கான அறிகுறிகள் இருந்தவர்களுக்குப் புதிதாகத் தாடை வலி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு. தூக்கம் குறைந்தால் வலியைத் தாங்கும் சக்தி குறைகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. அதில் சந்தேகம் இல்லை. வலி வந்த பிறகு அதுவே தூக்கத்தைக் கலைக்கும், அதிலும் சந்தேகம் இல்லை. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. முதலில் எது தொடங்கியது என்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத்தான் கேட்டறிய வேண்டும். சந்தேகத்துக்குரியது ஒன்றே ஒன்று: தாடையை மட்டும் சரிசெய்தால் நாள்பட்ட அசதி நீங்கும் என்ற வாக்குறுதி. அதற்கு நம்பத்தக்க ஆதாரத்தை நான் பார்த்ததில்லை.

நம் ஊரில் இதைக் கண்ணால் பார்க்கக் காலம் ஒன்று உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தின் வாசலில் நெல்லைக் குவித்துத் தார்ப்பாயால் மூடி, எடை போடும் முறை வரும்வரை அங்கேயே காவல் படுத்திருக்கும் விவசாயிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த மாதங்களில் கன்னம் வலிக்கிறது, சாதம்கூட மெல்ல முடியவில்லை என்று வருகிறவர்கள் எங்களுக்கு அதிகம். பல்லைத் தட்டிப் பார்த்தால் சொத்தை இருக்காது. கன்னத்தசையைத் தொட்டால் துள்ளுவார்கள். கேட்டால், பனியில் அரைத்தூக்கம், மழை மேகம் கூடினால் அதுவும் இல்லை, கண் அயராமலிருக்க ராத்திரி முழுக்க டீயும் வெற்றிலை சீவலும். மூட்டைகள் லாரியில் ஏறியபின் வீட்டுக்குப் போய் நாலு ராத்திரி ஒழுங்காகத் தூங்கினால் பலருக்கு வலி தானாகவே இறங்கிவிடுகிறது. மெல்லுவதை நிறுத்தியதால் இறங்கியதா, தூங்கியதால் இறங்கியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. யாருடைய பல்லையும் தேய்க்காமல் இறங்கியது என்பது மட்டும் நிச்சயம்.

தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறீர்கள் என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கேட்டவுடன் கடிப்பதால்தான் வலி, கடிப்பதால்தான் தூக்கம் கெடுகிறது என்று யாரும் சொல்லிவிடலாம். தூக்க ஆய்வுக்கூடத்தில் பதிவுசெய்து பார்த்தால் வரிசை வேறுவிதமாக இருக்கிறது. முதலில் மூளை ஒரு கணம் லேசாக விழிக்கிறது, இதயத் துடிப்பு கூடுகிறது, அதன் பிறகே தாடைத் தசைகள் இறுகி அரைக்கின்றன. ஆரோக்கியமானவர்களிடம் இதை நோயாகக் கருத வேண்டாம், தூக்கத்தில் நடக்கும் ஒரு தசைச் செயல்பாடு என்று கொண்டால் போதும் என்று 2018இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று வரையறுத்தது. இன்னொன்று எனக்கே வியப்பளித்தது. தாடைத் தசைவலி உள்ள 124 பெண்களையும் வலியில்லாத 46 பெண்களையும் ஆய்வுக்கூடத்தில் உறங்கவைத்துப் பதிவுசெய்து 2012இல் வெளியிட்டார்கள். பல் கடிப்பவர்கள் இரு தரப்பிலும் பத்தில் ஒருவர் அளவிலேயே இருந்தார்கள். இரவில் கடிப்பதைவிட, பகலில் நம்மை அறியாமல் பல்லோடு பல்லை அழுத்திக்கொண்டிருப்பதற்கு வலியில் பங்கு அதிகம் என்று பலர் இப்போது கருதுகிறார்கள். இது கருத்து, உறுதியான முடிவல்ல.

ஆகவே உங்களிடம் முதலில் விசாரிக்க வேண்டியது மூளை இரவில் ஏன் விழிக்கிறது என்பதை. குறட்டை உண்டா, மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா, காலையில் வாய் உலர்ந்து தலை கனக்கிறதா என்று கணவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பருத்த ஆண்களின் நோய் என்று மூச்சுத்தடையை நினைத்துவிடுகிறோம். பெண்களுக்கு அது பலமான குறட்டையாக வெளிப்படாமல் அசதி, தலைவலி, துண்டுதுண்டான தூக்கம் என்று வருவதால் தவறிப்போகிறது. சந்தேகம் இருந்தால் நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்த்துத் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளலாம், வீட்டிலேயே கட்டிக்கொண்டு படுக்கும் கருவிகளும் வந்துவிட்டன. மூச்சு மணிக்கு 5 முறைக்குக் கீழ் தடைபட்டால் இயல்பு, 15ஐத் தாண்டினால் நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை. இதைப் பார்க்காமல் மேல்பல்லுக்கு நைட் கார்டு (இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் உறை) போடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மூச்சுத்தடை உள்ளவர்களில் சிலருக்கு அது தடையை அதிகப்படுத்தியதாகச் சிறிய ஆய்வு ஒன்று 2004இல் காட்டியது. சிறியது என்பதால் அதை வைத்துப் பயமுறுத்த மாட்டேன், ஆனால் கேட்டுவிட்டுப் போடலாம் அல்லவா.

இன்னொரு விஷயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள் அதைக் காரணமாக எண்ணவில்லை. பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறீர்கள். அது 5 மணி நேரம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். சமையல், பிள்ளையின் டிபன் டப்பா, ரயில் நேரம் எல்லாம் சேர்ந்து உங்களை நாலரைக்கு எழுப்புகின்றன. நான் உபதேசம் செய்தால் அது மாறாது என்று தெரியும். ஆனால் 5 மணி நேரம் தூங்கும் ஒருவரின் அசதிக்குத் தாடையில் காரணம் தேடி ஒரு பெரிய தொகையைக் கட்டச் சொல்வது எனக்கு ஏற்கவில்லை. வேலையை வீட்டில் யார் பகிர்ந்துகொள்வது என்ற பேச்சுக்கு மருத்துவச் சீட்டு தேவைப்பட்டால், மருத்துவர் தூக்கம் போதாது என்கிறார் என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

ரத்தத்தையும் பாருங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை, பி12 ஆகியவை ஒரே ரத்த மாதிரியில் முடிந்துவிடும். இரும்பு குறைந்தால் இரவில் கால் குடைச்சல் எடுத்து, காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவதும் உண்டு. அதுவும் தூக்கத்தைத் தின்னும். மனச்சோர்வுக்காகவோ பதற்றத்துக்காகவோ செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெடின் வகை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், சிலருக்கு அவை பல் கடிப்பதைத் தூண்டுகின்றன. அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. எழுதிக்கொடுத்தவரிடம் பேச வேண்டும்.

தாடைக்கு என்ன செய்வது? நாள்பட்ட தாடை வலிக்கான வழிகாட்டுதல் ஒன்றைப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2023 டிசம்பரில் வெளியிட்டது. பயிற்சிகள், தசையைக் கையால் பிடித்துவிடுதல், விளக்கிச் சொல்லித் தைரியம் தருதல், வலியைக் கையாளும் மனப்பயிற்சி ஆகியவற்றை அது உறுதியாகப் பரிந்துரைக்கிறது. கழற்றிப் போடும் நைட் கார்டைக்கூட அரைமனதாக வேண்டாம் என்கிறது. இதில் மட்டும் எனக்குச் சிறு கருத்து வேறுபாடு உண்டு: பல் தேய்ந்துகொண்டே வருகிறவர்களுக்குப் பல்லைக் காக்க அது உதவுகிறது, அதற்காக நான் கொடுக்கிறேன். வலி தீரும் என்று சொல்லிக் கொடுப்பதில்லை. கடியை நிரந்தரமாக மாற்றும் சாதனங்களை அந்த வழிகாட்டுதல் திட்டவட்டமாக மறுக்கிறது. தேய்த்த எனாமல் திரும்ப வளராது என்பதை நினைத்தால் அந்தக் கண்டிப்பு நியாயமானது.

வீட்டில் இதைச் செய்யுங்கள். சாப்பிடும் நேரம், எச்சில் விழுங்கும் நேரம் எல்லாம் சேர்த்தால்கூட மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒரு நாளில் சுமார் 20 நிமிடமே தொட்டுக்கொள்ள வேண்டும் என்பது பழைய கணக்கு. மற்ற நேரமெல்லாம் உதடு சேர்ந்து, பல் விலகி, நாக்கு நுனி மேலண்ணத்தில் முன்பற்களுக்குப் பின்னால் படிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டிவைத்து, கண்ணில் படும்போதெல்லாம் பல்லைத் தளர்த்துங்கள். அற்பமாகத் தோன்றும், ஆனால் நான் சொல்லும் வைத்தியத்தில் அதிகம் பலன் தருவது அதுதான். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்தில் காலையும் மாலையும் கால் மணி நேரம் வையுங்கள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டியபடியே, நாக்கு விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடும் பயிற்சியை வேளைக்குப் பத்து முறை செய்யுங்கள். சில வாரங்களுக்கு முறுக்கு, சீடை, கரும்பு வேண்டாம். அதற்காகக் கஞ்சியிலேயே கிடக்கவும் வேண்டாம். கொட்டாவி வரும்போது முகவாய்க்கட்டையின் கீழே முஷ்டியை வைத்துக்கொள்ளுங்கள். மாலை நேரத்துக் காபியை விட்டுப் பாருங்கள். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று மாதத்தில் வலி நன்றாகக் குறைகிறது. குறையாவிட்டால் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே வாய்நோய் மருத்துவப் பிரிவில் காட்டலாம். இரவில் மிகச் சிறிய அளவில் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரை வலிக்கும் தூக்கத்துக்கும் சேர்ந்து உதவுவதுண்டு, அது மருத்துவர் பார்த்துத் தர வேண்டியது.

சில அறிகுறிகள் வேறு நோய்க்குச் சொந்தமானவை, காத்திருக்கக் கூடாது. மாடி ஏறும்போது தாடை வலித்து, நின்றால் நிற்கிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். சேற்றில் முள்ளோ கம்பியோ குத்திய சில நாட்களில் தாடை இறுகத் தொடங்கினால் அது ரணஜன்னியாக இருக்கலாம், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை ஓய்ந்துபோய் வலித்து, புதிதாகத் தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். காரம் பட்டால் வாய் எரிந்து, கன்னத்தின் உட்புறம் வெளுத்துக் கெட்டியாகி, வாய் திறப்பு மாதத்துக்கு மாதம் குறைகிறது என்றால் அது பாக்கு மெல்லுவதால் வரும் நார்த்திசு நோய், புற்றுநோயாக மாறக்கூடியது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதில் மடிக்கிற பாக்கை, புகையிலை சேராவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நீங்கள் போடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் மாமியார் போடுகிறார் என்றால் அவர் வாயிலும் மூன்று விரல் நுழைகிறதா என்று பாருங்கள்.

மகன் ஆறு வயதில் ராத்திரியில் பல்லைக் கடிக்கிறான், வயிற்றில் பூச்சி என்று பாட்டி சொல்கிறார், மருந்து கொடுக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பூச்சிக்கும் பல் கடிப்பதற்கும் தொடர்பு உறுதிப்படவில்லை. குடற்புழு நீக்க மாத்திரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அரசே கொடுக்கிறது; அதை ஒழுங்காகப் போட்டிருந்தால் பல்லுக்காகத் தனியாக வாங்க வேண்டாம். அந்த வயதில் கடிப்பது சகஜம், பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர நின்றுவிடும், நைட் கார்டெல்லாம் தேவையில்லை. வாயைத் திறந்தபடி தூங்குகிறானா, குறட்டை விடுகிறானா என்று மட்டும் ஓரிரு இரவு கவனியுங்கள். இருந்தால் டான்சிலும் மூக்கின் பின்புறச் சதையும் வீங்கியிருக்கலாம். தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். அவன் தூங்கும்போது போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு போனால் அவர்களுக்கு வேலை சுலபம்.